தோற்றவருக்கான கஞ்சி

வடிவம்மாவின் மடம் ஆற்றங்கரையில் இருந்தது. பள்ளிக்கூடம் அக்கரையில். பாலம் கட்டுகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்வார்கள். அதுவரை பிள்ளைகளுக்கு மடத்தின் தோணிதான்.

அந்தத் தோணிக்கு ஒரு வழக்கம் உண்டு. துடுப்பை வாங்குவதற்கு முன் தோணிக்காரர் படித்துறையில் நின்று ஒரு மெஷினில் ஊத வேண்டும். பச்சை எரிந்தால் துடுப்பு கிடைக்கும். சாராயம் பட்டிருந்தால் சிவப்பு எரியும், துடுப்பு கிடைக்காது.

மெஷினைக் கொண்டுவந்தவர் தணிகாசலம். ஒரு சர்க்கரை ஆலையின் கேட்டில் நின்று, ஷிப்டுக்கு வருகிற ஆட்களை வருஷக்கணக்காக ஊத வைத்தவர். ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்து வடிவம்மாவுக்குச் சீடரானார். அம்மாவைவிட அவர் வயதில் மிகவும் மூத்தவர். அதனால் என்ன, ஞானத்துக்கு யார் பர்த் சர்டிபிகேட் கேட்கிறார்கள்?

விதிகளைப் படித்துறைச் சுவரில் நீலப் பெயின்டால் எழுதியதும் அவர்தான்.

"செவப்பு எரிஞ்சா அன்னிக்கே வேலை போச்சுன்னு எழுதிடட்டுமாம்மா? எங்க ஆலையில அப்படித்தான்."

"அப்படிப் போனவங்க எங்க போனாங்க அய்யா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. கேட்டுக்கு வெளிய போனாங்க."

வடிவம்மா வேறு விதி சொன்னார். சிவப்பு எரிந்தவர் மூன்று மாதம் துடுப்பைத் தொடக்கூடாது. அதுவரை மாட்டுக்கொட்டிலில் வேலை, சம்பளம் உண்டு. தினமும் காலையில் வந்து ஊத வேண்டும். ஊதிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்க வேண்டும். மறுபடி சிவப்பு எரிந்தால் துடுப்பு கிடையாது, எந்தக் காலத்திலும் கிடையாது.

கஞ்சி என்ற இடத்தில் தணிகாசலத்தின் தூரிகை கொஞ்சம் நின்றது. கஞ்சி ஊற்றி வைப்பதும் ஒரு தண்டனையா என்று நினைத்தார். ஆனாலும் எழுதினார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் தோணிக்காரர் மாசிலாமணி ஊதினார். சிவப்பு எரிந்தது.

மாசிலாமணிக்குத் தோணியை விட்டால் வேறு தொழில் தெரியாது. அவருடைய மகளும் அதே தோணியில்தான் பள்ளிக்கூடம் போவாள். அன்று மாசிலாமணியின் மச்சினன் துடுப்புப் போட்டான். மகள் அப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே போனாள்.

அடுத்த நாளிலிருந்து கஞ்சி ஆரம்பித்தது. தணிகாசலத்துக்கு வயிற்றெரிச்சலும் ஆரம்பித்தது. வேளை தவறாமல் அவர் அரிஷ்டம் குடித்தாரே, அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லவில்லை.

மாசிலாமணி ஊதிவிட்டுத் தலை குனிந்தபடி வந்து, படித்துறையிலேயே அம்மாவின் பக்கத்தில் உட்காருவார். அம்மா டம்ளரைத் தன் கையால் எடுத்து, ஆவி அடங்க ஊதி, அவர் முன்னால் வைப்பார். ஒரு துண்டு நார்த்தங்காயும் இருக்கும்.

"ராத்திரி தூங்குனீங்களா?"

"கொஞ்சம் தூங்குனேம்மா."

"கை நடுங்குதா இன்னும்?"

"நேத்திக்கு இன்னிக்குப் பரவால்லம்மா."

"உப்பு போதுமான்னு பாருங்க."

இதெல்லாம் தணிகாசலத்தின் காதில் விழும். அவர் நாலடி தள்ளி நின்று மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது. கடைசியில் அம்மா அவர் பக்கம் திரும்பி, "சரிங்க அய்யா" என்று தலையை அசைப்பார். அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு தலையசைப்புதான்.

விடியுமுன் குளித்து, பாராயணம் பண்ணி, காபியைக்கூட விட்டுவிட்டவர் தணிகாசலம். ஒரு பீடி உண்டா, ஒரு வெற்றிலை உண்டா? ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உப்புப் பார்க்கிறவன் எவன்? குடித்துவிட்டு வந்தவன். இதைப் பொறாமை என்று சொன்னால் அவர் சண்டைக்கு வருவார். ஒழுங்கைப் பற்றிய கவலை என்பார்.

ஒரு நாள் மாசிலாமணி வருவதற்கு முன்பே போய் அந்த இடத்தில் உட்கார்ந்தும் பார்த்தார்.

"அது மாசிலாமணி இடம் அய்யா" என்றார் வடிவம்மா, சாதாரணமாக.

தணிகாசலம் எழுந்துவிட்டார். அன்று முழுக்க அவருக்குக் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

மாசிலாமணியோ நாளுக்கு நாள் தெளிந்துகொண்டு வந்தார். மச்சினனோடு தோணிக்குத் தார் பூசினார். மகள் அவரோடு பேச ஆரம்பித்தாள். துடுப்பைத் திரும்ப வாங்குகிற அன்று ஊரே படித்துறைக்கு வரும் என்று பேச்சு. மடத்தில் எட்டு வருஷம் ஒழுங்காக இருந்ததற்குத் தன்னைப் பார்க்க ஒரு ஈ காக்கை வரவில்லையே என்று தணிகாசலம் நினைத்தார். அந்த நினைப்பு அவரைச் சாப்பிட விடவில்லை.

அந்த நாளும் வந்தது. ஆற்றின் மேல் பனி மூடியிருந்தது. மாசிலாமணி வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே மடத்து வாசலில் நின்றார். தணிகாசலம் உள்ளே போய் அரிஷ்ட பாட்டிலை எடுத்து வந்தார்.

"இருமுறியேப்பா. இந்தா, இதக் குடி. தொண்டையில படுற மாதிரி வாயில வச்சு மெள்ள முழுங்கு."

மாசிலாமணி இரண்டு கையாலும் வாங்கினார். "மூணு மாசமா உங்களப் பாத்தாலே பயம்யா எனக்கு. நீங்க இம்புட்டு நல்லவங்கன்னு தெரியாமப் போச்சு."

அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்கிற மருந்து. குடித்த சூட்டோடு ஊதினால் மெஷினுக்கு அதுவும் சாராயம்தான். ஆலையில் அப்படிச் சிவப்பு எரிந்து, மருந்துய்யா மருந்துய்யா என்று அழுதவர்களைத் தணிகாசலம் பார்த்திருக்கிறார்.

படித்துறையில் கூட்டம் இருந்தது. பிள்ளைகள் தோணியில் ஏறிவிட்டார்கள். மாசிலாமணியின் மகள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வடிவம்மா துடுப்பைப் பிடித்தபடி நின்றார்.

மாசிலாமணி ஊதினார்.

சிவப்பு எரிந்தது.

கூட்டத்தில் யாரோ சூள் கொட்டினார்கள். மகள் பையை எடுத்துக்கொண்டு தோணியிலிருந்து இறங்கினாள்.

"நான் குடிக்கலம்மா" என்றார் மாசிலாமணி. "எம் புள்ள மேல சத்தியமா குடிக்கல."

வடிவம்மா மெஷினைப் பார்க்கவில்லை. மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தார்.

"இருமல் எப்படி இருக்கு?"

"தேவலாம்மா. இப்பதான் அய்யா மருந்து குடுத்தாங்க."

அதை அவர் நன்றியோடுதான் சொன்னார்.

"வாய நல்லாக் கொப்புளிங்க. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி ஊதுவோம்" என்றார் வடிவம்மா.

"விதி அப்படி இல்லையேம்மா" என்றார் தணிகாசலம்.

"பொறுப்போம் அய்யா."

"பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும்."

மாசிலாமணி கீழ்ப்படியில் இறங்கி ஆற்றுநீரை அள்ளி அள்ளிக் கொப்புளித்தார். கொப்புளித்த வேகத்தில் பல்லே கழன்றுவிடும் போலிருந்தது. தணிகாசலத்தால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வடிவம்மா துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தணிகாசலத்தின் பக்கத்தில் வந்தார்.

"என்னவோ கேக்கணும்னு ரொம்ப நாளா நிக்கிறீங்க. கேளுங்க அய்யா."

"நான் ஒரு நாள் தப்பு பண்ணுனதில்லம்மா."

"ம்."

"உங்க கையால ஒரு வாய் கஞ்சி எனக்குக் கெடைச்சதில்ல. குடிகாரனுக்குக் கெடைக்குது. அது ஏம்மா?"

"பசிக்குதா?"

"பசி இல்லம்மா." தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "பொறாமை."

"எவ்வளவு?"

அவர் படியில் குனிந்திருந்த மாசிலாமணியைப் பார்த்தார்.

"அரிஷ்டம் குடுக்குற அளவுக்கு."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாம்மா."

வடிவம்மா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தணிகாசலத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா படியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"மாசிலாமணி, வாங்க. ஊதுங்க."

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். மெஷினைப் பிடித்திருந்தவர் தணிகாசலம். அது பச்சையாக எரிய வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பச்சை எரிந்தது.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கரையில் மேய்ந்த கொக்குகள் பறந்தன. வடிவம்மா துடுப்பைக் கொடுத்தார். மாசிலாமணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றார். மகள் மறுபடி தோணியில் ஏறி, "சீக்கிரம் வாங்கப்பா, டீச்சர் வெளிய நிக்க வச்சிடுவாங்க" என்று கத்தினாள்.

தோணி நகர்ந்தது. கூட்டம் கலைந்தது. தணிகாசலம் மெஷினைப் படியில் வைத்தார்.

"நான் கெளம்புறேம்மா."

"எங்க அய்யா?"

"கேட்டுக்கு வெளிய."

சமையல்காரம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. வழக்கம்போல இரண்டு டம்ளர் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வடிவம்மா தன் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"அய்யா, கண்ணாடிய உள்ள வச்சிட்டு வந்துட்டேன்" என்றார் வடிவம்மா. "செவப்பு எரிஞ்சவங்க எங்க போகணும்னு அந்தச் செவுத்துல எழுதியிருக்கு?"

தணிகாசலம் சுவரைப் பார்த்தார். தன் கையெழுத்துதான். கஞ்சி என்ற இடத்தில் அவர் கண் நின்றது.

வடிவம்மா இரண்டாவது டம்ளரை எடுத்து, ஆவி அடங்க ஊதி, காலியாக இருந்த இடத்துக்கு முன்னால் வைத்தார்.

"மூணு மாசத்துக்கு மெஷினத் தொடாதீங்க. உக்காருங்க அய்யா, உப்பு போதுமான்னு பாருங்க."