இளங்கோதைக்குத் தாளம் வந்த கதை

வேங்கைமலை நாட்டில் முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். அவன் சபையில் ஒரு பாடகி இருந்தாள். ராஜா கிடக்கட்டும், இந்தக் கதை அந்தப் பாடகியுடையது.

அவள் பெயர் இளங்கோதை. அவள் பாடத் தொடங்கினால் வாயிற்காவலன்கூடக் கொட்டாவியை நிறுத்திவிட்டுக் கேட்பான். ஆனால் தாளம் மட்டும் நிற்காது. மத்தளம் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும்.

"வசந்த விழாவில் விருந்தாளிகள் முன்னால் தாளம் தப்பினால், இந்தச் சபையில் உனக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டான் ராஜா. விழாவுக்கு இரண்டே மாதம்.

மூன்று ஆசான்கள் வந்தார்கள். ஒருவர் விரல் விட்டு எண்ணச் சொன்னார்; எண்ணினாள், பாட்டு மறந்தது. ஒருவர் ஓலையில் கணக்கு எழுதிக் கொடுத்தார். மனப்பாடம் செய்தாள், தாளம் தப்பியது. ஒருவர் பிரம்பால் கையில் தட்டினார். கை வீங்கியதுதான் மிச்சம்.

இளங்கோதை அழுதுகொண்டே அரண்மனைக் கொல்லைப்புறம் போனாள். களஞ்சிய முற்றத்தில் பூவாயி என்பவளும் அவள் தங்கையும் ஒரே உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு உலக்கைகள், ஒரே குழி. ஒன்றோடொன்று மோதவே இல்லை.

"எப்படி அக்கா எண்ணுகிறீர்கள்?" என்றாள் இளங்கோதை.

பூவாயி சிரித்தாள். "எண்ணிக்கிட்டிருந்தா கையை நசுக்கிக்குவோம் தாயி. ஒடம்பை அசைய விட்டாப் போதும். இப்படி வந்து நில்லுங்க."

முதல் வாரம் காலை மாற்றி மாற்றி வைத்து அசைய மட்டும் சொன்னாள். இரண்டாம் வாரம் உலக்கையைக் கொடுத்தாள். மூன்றாம் வாரம், "இப்பப் பாடுங்க" என்றாள். உலக்கை ஏறும்போது மூச்சு ஏறியது. இறங்கும்போது சொல் இறங்கியது. ஒரு மரக்கால் நெல் குத்தி முடியும்வரை தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை. இளங்கோதை உரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில்.

விழாவன்று அவள் நின்றபடியே பாடினாள். கால்கள் மெல்ல அசைந்தன. மத்தளக்காரர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"இவளுக்குத் தாளம் கொடுத்த ஆசானுக்குப் பட்டாடை!" என்றான் ராஜா. மூன்று ஆசான்களும் ஒன்றாக எழுந்தார்கள்.

இளங்கோதை ஒரு கணம் தயங்கினாள். நெல் குத்துகிறவள் பெயரைச் சொன்னால் சபை சிரிக்குமே! பிறகு வெளியே நடந்தாள். தலையெல்லாம் உமித்தூளாக நின்ற பூவாயியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். எல்லோருக்கும் முன்னால் அவள் காலில் விழுந்தாள்.

"ஐயோ, எந்திரிங்க தாயி, எல்லாரும் பாக்குறாங்க!"

"பார்க்கட்டும் அக்கா. எனக்குத் தாளம் தந்தது நீங்கள்தான்."

சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. எழுந்து வந்து பட்டாடையைத் தன் கையாலேயே பூவாயிக்குப் போர்த்தினான். மூன்று ஆசான்களும் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

இதிலிருந்து தெரிவது இதுதான்: கற்றுக்கொடுத்தவர் எந்த நிலையில் இருந்தாலும், நாலு பேர் முன்னால் அவரைத் தன் ஆசான் என்று நன்றியோடு சொல்லிக்கொள்கிறவரே நன்றாகக் கற்றவர்.