பேர் கேட்காத மடம்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான். பசி என்று வந்தவரிடம் பேர் கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

மடத்தை நடத்தியவர் பூங்காவனம். முப்பத்தைந்து வயது. ஊரே அவரை அம்மா என்று கூப்பிட்டது. அவருடைய சீடர் வேதாசலத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பூங்காவனத்தை அம்மா என்பார். பூங்காவனம் அவரை வாத்தியாரே என்பார். யார் யாருக்குக் குரு என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பம்தான்.

தினமும் காலையில் வாசல் பலகையை ஈரத்துணியால் துடைத்து, சாக்பீஸால் ஒரே வரியை எழுதுவது வேதாசலத்தின் வேலை. 'பசியா? உள்ளே வாருங்கள்.' அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அந்த எழுத்தைப் பார்க்கவே பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் உண்டு.

போன வருஷம் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. விபத்தில் போன யாரோ ஒருவருடைய சிறுநீரகத்தை வைத்துக் காப்பாற்றினார்கள். யாருடையது என்று கேட்டார். பேர் சொல்ல மாட்டோம் என்றார்கள். காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தவறினால் உடம்பே புதுச் சிறுநீரகத்தை வெளியாள் என்று தாக்கி அழித்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மாத்திரை சிறுநீரகத்தைக் காத்தது. ஆனால் முகம் பூசணி மாதிரி உப்பியது. தூக்கம் போனது. கை நடுங்கியது.

"வாத்தியாரே, எழுத்து என்ன குளிர்ல நிக்குதா?" என்று கேட்டாள் மடத்தில் சமைக்கும் சம்பூரணம். "ஒரு போர்வை போத்தி விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வேதாசலமும் சிரித்தார். பிறகு உள்ளே வந்து பூங்காவனத்திடம் கேட்டார்:

"உயிரைக் குடுத்த மருந்தே இப்படி உயிரை வாங்குதே அம்மா. மனுசன் என்னதான் பண்றது?"

"இருங்க, ரசத்துக்கு உப்புப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போனார் பூங்காவனம். திரும்பி வரவே இல்லை.

குருபூஜை நெருங்கியது. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வரும் நாள். அதற்கு மூன்று நாள் முன்பு பலகையில் எழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. மறுநாள் இன்னும் நிமிர்ந்தது.

"போர்வை போத்திட்டீங்க போல" என்றாள் சம்பூரணம். வேதாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்து வைக்கப் போன பூங்காவனம், அதைத் திறந்து பார்த்தார். துண்டு சாக்பீஸ்களுக்கு நடுவே மாத்திரைகள் கிடந்தன. இரண்டு நாள் மாத்திரை.

டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்.

பந்தியில் ஒரு கிழவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக மடத்தில் தங்கியிருப்பவர். பேர் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் இருமுவார். குழம்பு உறைப்பு என்பார், மோர் புளிப்பு என்பார். பூங்காவனம் தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்.

வேதாசலத்தைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"அந்தப் பெரியவரை எழுப்பி அனுப்பிடுங்க."

"சாப்பிட்டதும் எங்கயாவது போகணுமாமா?"

"சாப்பிட்டதும் இல்ல. இப்பவே."

"பாதி இலையிலயா?"

"ஆமா. அவர் வந்ததுலேருந்து எனக்கு முதுகு நிமிர முடியல. தூக்கம் இல்ல. கண்ணைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு. நாளன்னைக்கு அத்தனை சனம் வரும். இந்த மூஞ்சியோட நான் எப்படி நிக்கறது?"

வேதாசலத்துக்கு முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவர் குருவிடம் குரல் உயர்த்தியதில்லை.

"மூஞ்சி நல்லா இல்லன்னு விருந்தாளியை வெளிய தள்ளுவாங்களா? பேர்கூடக் கேக்காம உள்ள கூட்டிட்டு வந்தது நாமதானே அம்மா? போக்கிடம் இல்லாமதானே இங்க வந்து உக்காந்திருக்கார்? நான் எழுப்ப மாட்டேன். நீங்க எழுப்பினாலும் விட மாட்டேன்."

பூங்காவனம் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்துத் திறந்தார்.

வேதாசலம் பார்த்தார். அவருடைய இன்னொரு கை தானாக, புதுச் சிறுநீரகம் வைத்திருந்த அடிவயிற்றின் வலப்பக்கம் போய் நின்றது.

"ஆட்டோ வாசல்ல நிக்குது" என்றார் பூங்காவனம். "டாக்டர்கிட்ட ஒண்ணையும் மறைக்காதீங்க. கை நடுங்குறதையும் சொல்லுங்க."

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் நன்றாகத் திட்டினார். சிறுநீரகத்துக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு இன்னொரு தடவை திட்டினார். நடுக்கத்துக்காக மாத்திரையின் அளவை மெதுவாகத்தான் மாற்றிப் பார்க்க முடியும், நிறுத்தும் பேச்சே கூடாது என்றார்.

குருபூஜை அன்று காலை. எட்டு மணி மாத்திரையை விழுங்கிவிட்டு வேதாசலம் வாசலுக்கு வந்தார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கடைத்தெரு பெயிண்டரைக் கூப்பிடட்டுமா?" என்றாள் சம்பூரணம். இந்தத் தடவை அவள் கிண்டல் செய்யவில்லை.

"எதுக்கு? நான் இருக்கேன்ல."

எழுதினார். கொம்பு வளைந்தது. புள்ளி தள்ளிப் போய் விழுந்தது. அவர் எதையும் அழிக்கவில்லை. அடியில், அதுவரை ஒருநாளும் செய்யாத ஒன்றாக, தன் பேரைப் போட்டார்.

காரில் வந்து இறங்கிய ஒருவர் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வரவேற்க வந்த பூங்காவனத்திடம் கேட்டார்:

"ஏம்மா, உங்க மடத்துல எழுத்து பிரமாதமா இருக்கும்னு சொன்னாங்களே. இது என்ன, கோணலும் மாணலுமா?"

வேதாசலம் நகரவில்லை. உப்பிய முகத்தை நிமிர்த்திக்கொண்டு பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

பூங்காவனம் அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு வந்தவரிடம் சொன்னார்:

"எங்க வாத்தியார் வீட்டுல ஒரு விருந்தாளி தங்கியிருக்கார் ஐயா. வீடு கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."