ஒப்புக்கொண்டவர்

மாசிலாமணி சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. வாரம் ஒருமுறை மலையடிவாரத்தில் இருக்கும் திலகவதி அம்மாவின் மடத்துக்கு வந்து போவார். அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். துறவுக்கு வருமுன் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். உபதேசம் என்று எதுவும் செய்யமாட்டார். கேட்டால் பதில் சொல்வார்.

ஒருநாள் மற்றவர்கள் எழுந்து போன பிறகும் மாசிலாமணி உட்கார்ந்தே இருந்தார்.

“சொல்லுங்க” என்றார் அம்மா.

“ஒரு வெட்கம் இருக்கும்மா. ஜெபத்துல உட்கார்ந்தா அதுதான் முன்னால வந்து நிக்குது. எப்படிப் போக்கறது?”

“என்ன செஞ்சீங்க?”

மாசிலாமணி தரையைப் பார்த்தபடி சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு முகூர்த்த நாள். அலுவலகத்தில் நிற்க இடமில்லை. இரண்டு தம்பிகள் தங்கள் அக்காவை அழைத்து வந்திருந்தார்கள். அக்காவின் பெயர் பொன்னுருவி. எழுதப் படிக்கத் தெரியாதவள். அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கைத் தம்பிகளுக்கே விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம் எழுதப்பட்டிருந்தது.

“அந்தம்மா என்கிட்ட கேட்டாங்க. ‘ஐயா, நிலத்தை எங்க மூணு பேர் பேருக்கும் மாத்தறதுதானே இது?’ன்னு. ‘ஆமாக்கா’ன்னு தம்பி சொல்லிட்டான். பத்திரம் என் கையில இருக்கு. நான் படிச்சிருக்கேன்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“விரலை வைம்மா, பின்னாடி ஆள் நிக்குதுன்னேன்.”

“அந்தத் தம்பிங்க உங்களுக்கு ஏதாவது குடுத்தாங்களா?”

“ஒண்ணும் இல்லம்மா. மணி ரெண்டாச்சு. பசி. அவ்வளவுதான்.”

அவரே தொடர்ந்தார்.

“அப்புறம் மறந்தே போச்சு. போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் போனேன். ஒரு ஃபாரத்தை நீட்டினாங்க. கண்ணு தெரியல. என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். ‘கையெழுத்துப் போடுங்க சார், பின்னாடி ஆள் இருக்கு’ன்னாங்க. அந்த நிமிஷம் அந்தம்மா முகம் வந்துது. அதுக்கப்புறம் போகவே இல்ல.”

“அந்தப் பத்திரத்தை அவங்களுக்கு யாராவது வாசிச்சுக் காட்டினாங்களா?”

“தெரியலம்மா.”

“நீங்க போய் வாசிச்சுக் காட்டிட்டு வாங்க.”

மறுநாள் மாசிலாமணி தான் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போய் அந்தப் பத்திரத்தின் நகல் கேட்டு மனுப்போட்டார். பழைய எழுத்தர் ஓடிவந்து, “நீங்க உள்ள உட்காருங்க சார்” என்றார். அவர் உள்ளே போகவில்லை. வரிசையிலேயே நின்றார். எதற்கு இந்த நகல் என்று எழுத்தர் கேட்டதற்குக் கட்டணத்தை எடுத்து நீட்டினார்.

பத்திரத்தில் இருந்த முகவரியை வைத்து ஊரைக் கண்டுபிடித்தார். பொன்னுருவி ஒரு களத்தில் கூலிக்குச் சின்ன வெங்காயத்தின் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

“எதுக்கு வந்தீங்க?”

“இதை உங்களுக்கு வாசிச்சுக் காட்ட வந்தேன்மா.”

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் முதல் வரியிலிருந்து வாசித்தார். ‘இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியமும் இல்லை’ என்ற இடத்துக்கு வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இன்னொருக்கா சொல்லுங்க.”

சொன்னார்.

“நான் இப்படிச் சொன்னேனா?”

“இல்லம்மா.”

“கடைசியில என்னமோ எழுதி உங்க கையெழுத்து இருக்குதாமே. எங்க வக்கீலு சொன்னாரு.”

மாசிலாமணி கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விவரம் தெரிந்தே எழுதிக்கொடுத்ததாக அவள் ஒப்புக்கொண்டாள் என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து. அதையும் வாசித்தார்.

“தம்பிங்க வேலி போட வந்தப்பத்தான் எனக்கு விஷயமே தெரியும். கேஸ் போட்டு மூணு வருஷமாச்சு. அந்த ஒரு வரியைத் தாண்ட முடியலன்னு வக்கீலு கைய விரிக்கிறாரு.”

“என்னை மன்னிச்சிடும்மா.”

“மன்னிச்சேன்னு சொன்னா போயிருவீங்களா?”

அவர் நகலை மடித்தார்.

“கோர்ட்டுல வந்து சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அரிவாளை எடுத்துக்கொண்டாள்.

மாசிலாமணி அன்றே மடத்துக்கு வந்தார்.

“அம்மா, கோர்ட்ல ஏறிச் சொன்னா என் பேர் என்ன ஆகும்? எனக்குக் கீழ வேலை பார்த்தவங்க, என் சம்பந்தி வீடு, எல்லாருக்கும் தெரிஞ்சிடும். சாமி முன்னால சொல்லிடறேன். நீங்க சாட்சியா இருங்க. போதாதா?”

“சொல்லுங்க, இருக்கேன்” என்றார் அம்மா. “ஆனா அந்தம்மா பங்கு இப்ப சாமி பேர்லயா இருக்கு?”

இரண்டு மாதம் கழித்து மாசிலாமணி சாட்சிக் கூண்டில் ஏறினார். நடந்ததைச் சொன்னார். தம்பிகளின் வக்கீல் எழுந்து சிரித்தபடி கேட்டார்.

“அப்ப நீங்க எழுதினது பொய்?”

“ஆமா.”

“இந்த மாதிரி இன்னும் எத்தனை பத்திரத்துல எழுதியிருக்கீங்க?”

மாசிலாமணி யோசித்தார். கோர்ட்டில் இருந்த எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“ஞாபகம் இல்லீங்க” என்றார். “அந்தம்மா கேட்டாங்க. அதனால இது ஞாபகம் இருக்கு. கேட்காதவங்க எத்தனை பேர்னு தெரியல.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பத்திரம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தம்பிகள் மேல்முறையீடு செய்தார்கள். பொன்னுருவி தன் பங்கில் வெங்காயம் போட்டாள். துறையிலிருந்து மாசிலாமணிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. சம்பந்தி வீட்டார் ஒரு விசேஷத்துக்கு அவரை அழைக்கவில்லை. கோர்ட் வாசலில் பொன்னுருவி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு நாள் அவர் அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேம்மா.”

“சரி.”

“இன்னும் போகல. முன்னால ஒரு முகம்தான் வரும். இப்ப எல்லா முகமும் வருது. பேர்கூடத் தெரியாத முகங்க. இந்த வெட்கம் எப்பத்தான் போகும்?”

“அது எப்ப வந்திருக்கணும்?” என்று கேட்டார் அம்மா.

“அன்னைக்கே. அந்தம்மா கேட்டப்பவே.”

“அஞ்சு வருஷம் பிந்தி வந்திருக்கு. வந்ததும் ஏன் அனுப்பப் பார்க்கறீங்க?”