சொர்ணவாலியின் ஆறு கிண்ணங்கள்

கொன்றையாற்றங்கரை மருதமரத்தில் சொர்ணவாலி என்னும் மந்தி தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். அவளுடைய வால் நீளமானது. தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த எண்ணம் அதைவிட நீளமானது.

கோடை தொடங்கும்போது அந்தக் காட்டில் கனித் திருநாள் கொண்டாடுவார்கள். ஆண்டுக்கு ஒரு வீடு முறைவைத்து விருந்து நடத்தும். எல்லோரும் பழமும் கிழங்கும் கொண்டுவந்து குவிப்பார்கள். மிஞ்சியதெல்லாம் விருந்து நடத்திய வீட்டுக்கே சேரும். மறுநாள் காலை அந்த வீட்டார் அதைக் கல்லில் இட்டு அரைத்துத் துவையலும் பச்சடியுமாக ஆக்குவார்கள். அண்டை அயலார் கல்லைச் சுற்றி உட்கார்ந்து, கிழங்குத் துண்டுகளால் தொட்டுத் தின்று தீர்ப்பார்கள்.

திருநாள் முடிந்து சில நாளில் மேற்கு மலையிலிருந்து யானைக் கூட்டம் இறங்கி வரும். எந்த வாசலில் அவற்றுக்கு வயிறார உணவு கிடைக்கிறதோ, அந்த வாசலுக்கு எதிரே வறண்ட ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுத் திறந்துவிட்டுப் போகும். மற்றவர்கள் தண்ணீருக்குக் கீழ்மடுவுக்குத்தான் நடக்க வேண்டும். கீழ்மடுவின் புதரில் சிறுத்தை படுத்திருக்கும். சென்ற கோடையில் சொர்ணவாலி தன் மூத்த குட்டியை அங்கேதான் பறிகொடுத்தாள். இந்தக் கோடையில் ஊற்று தன் மரத்தடியில் திறந்தே ஆக வேண்டும் என்று அவள் உறுதி பூண்டிருந்தாள். அந்த ஆண்டு விருந்து முறையும் அவளுடையதாகவே அமைந்தது.

உறுதி நல்லதுதான். ஆனால் அவளுக்கு வாய்த்த ஆலோசகன் பசப்பன் என்னும் மைனா. மலைச்சரிவில் மனிதர்கள் நடத்திய விடுதியின் ஓட்டில் அவன் சில காலம் குடியிருந்தவன். அங்கே மேசைக்கடியில் சிந்தியதைப் பொறுக்கித் தின்றதால் தனக்கு நாகரிகம் ஏறிவிட்டதாக அவன் நம்பினான். அதை நம்பக்கூடிய ஒருத்தி அவனுக்குக் கிடைத்தாள்.

திருநாளின் மறுநாள் காலை, அடுத்த பாறையில் வசித்த கம்பளியம்மாள் என்னும் கரடி குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"சொர்ணவாலி! எங்கே, மிச்சத்தை எல்லாம் எடு. விளாம்பழம் உடைந்து கிடக்கிறது. தேன் விட்டுப் பிசைந்தால் இப்போதே பச்சடி ஆகிவிடும். நெல்லிக்காயையும் காந்தாரி மிளகாயையும் நான் அரைக்கிறேன். பலாச்சுளை இன்றைக்குத் தாங்கும், நாளைக்குத் தாங்காது!"

"பொறு, அக்கா. இத்தனையும் யானைகளுக்கு வேண்டும்."

"யானை வருவதற்குள் இது கெட்டுப்போகுமடி! இதைத் தின்று தீர்ப்போம். அவை வருகிற அன்றைக்குப் புதிதாகப் பறிப்போம். நாங்களும் ஆளுக்கு நாலு மரம் ஏறித் தருகிறோம்."

சொர்ணவாலி மேல்கிளையைப் பார்த்தாள். பசப்பன் தொண்டையைச் செருமினான்.

"அம்மணி, மிஞ்சியதைப் பொழுது விடிந்ததும் வழித்துத் தின்பதா? அதுவும் கரடியோடும் பன்றியோடும் ஒரே கல்லைச் சுற்றி உட்கார்ந்து! விடுதியில் கேட்டால் சிரிப்பார்கள்!"

"அங்கே வேறு எப்படிச் செய்வார்கள்?"

"துவையலைத் துவையல் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. 'டிப்' என்பார்கள். சின்னச் சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்கு ஒரு நிறம். மேலே ஓர் இலை. தொட்டு நாக்கு நுனியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். வயிறு நிறையத் தின்பதே அங்கே அநாகரிகம்!"

"வயிறு நிறையாவிட்டால் பிறகு எதற்குத் தின்பது?" என்றாள் கம்பளியம்மாள்.

"இதற்குத்தான் உன்னைப் போன்றவர்களை விடுதியில் சேர்ப்பதில்லை!" என்றான் பசப்பன்.

சொர்ணவாலிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. இந்த மிச்சத்தையே கிண்ணங்களில் வைத்து யானைகளை உபசரித்துவிட்டால் புதிதாகப் பறிக்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பிடித்தது. பெருமையும் குறையக் கூடாது, உடம்பும் நோகக் கூடாது என்று எண்ணுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட யோசனைகள் உடனே புரிந்துவிடும்.

"குழவியை எடுத்துக்கொண்டு போ, அக்கா. என் வாசலில் இனிமேல் துவையல் கிடையாது!" என்றாள்.

கம்பளியம்மாள் குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினாள். துவையலுக்காகக் கிழங்கு நறுக்கிக் கொண்டுவந்திருந்த அயலாரும் அதை வெறுமனே மென்றுகொண்டு வீடு திரும்பினார்கள்.

அடுத்த நாட்களில் சொர்ணவாலி அரைத்த பாடில்லை. விளா ஓடுகளில் ஆறைத் தேர்ந்தெடுத்து, இலையால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். கிண்ணத்தின் மேலே வைப்பது பூவந்தி மரத்து இலையா, கொன்றைப் பூவா என்று பசப்பனோடு விவாதித்தாள். மஞ்சள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பச்சையா, சிவப்பா என்று ஒரு பகல் முழுவதும் வாதம் நடந்தது. இதற்குள் மரத்தடியில் குவிந்திருந்த பலா நுரைத்தது. விளாம்பழத்தின் மேல் வெள்ளைப் பூசணம் படர்ந்தது. ஈக்கள் தம் உறவினர்களையெல்லாம் அழைத்து வந்தன.

அவ்வழியே போன காட்டுப்பன்றி குவியலை மோந்து பார்த்தது. சேற்றில் புரண்டு, அழுகிய வேரைத் தின்று வளர்ந்த பிராணி அது. அதுவே தலையைத் திருப்பிக்கொண்டது.

"அம்மா, இது நாறுகிறது!" என்றது.

"இது நாற்றமில்லை, பக்குவம்!" என்றாள் சொர்ணவாலி. "உனக்கு எங்கே தெரியப்போகிறது!"

"சரி, தெரியாது," என்று சொல்லிவிட்டுப் பன்றி வேகமாக நடந்தது.

யானைகள் மலையிறங்குகின்றன என்ற செய்தி வந்த பிறகுதான் அவள் குவியலை அரைத்தாள். புளிப்பை மறைக்கத் தேன் விட்டாள். தேன் மறைக்காததை மறைக்க மிளகை அள்ளிக் கொட்டினாள். மிளகும் மறைக்காததைப் பூவிதழ்களால் மூடினாள். கிண்ணங்களுக்குப் பெயர் சூட்டும் பொறுப்பைப் பசப்பன் ஏற்றுக்கொண்டான். மரகதத் துளி, பொன்னந்தி, பவழ மேகம் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். பூசணம் பிடித்த விளாம்பழத்துக்கு வெண்முத்துச் சாரல் என்று பெயர் அமைந்தது.

யானைகள் வந்தன. முன்னே நடந்தவள் மாதங்கி, கூட்டத்தின் தலைவி. அவள் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி நடந்தது. நெடுவழி வந்த பசியில் எல்லாவற்றின் விலாவும் ஒட்டியிருந்தது.

"வாருங்கள், பெரியம்மா! உங்களுக்காகவே கண்விழித்துச் செய்தேன். நிறத்தைப் பாருங்கள்! அலங்காரத்தைப் பாருங்கள்!"

யானைக்குக் கண் சிறியது. பார்வையும் அவ்வளவுதான். உலகத்தை அது அறிவது துதிக்கையால். அந்தக் காட்டில் இது எறும்புக்கும் தெரியும். தன் குட்டிகளின் உயிர்த்தண்ணீர் யாருடைய மூக்கைப் பொறுத்திருந்ததோ, அந்த விருந்தாளியின் கண்ணுக்காகச் சொர்ணவாலி இத்தனை நாள் பாடுபட்டிருந்தாள்!

மாதங்கி துதிக்கையை நீட்டினாள். கிண்ணத்துக்கு ஒரு முழம் முன்பாகவே அது நின்றது.

"ஏனம்மா, இது என்ன?"

"பொன்னந்தி, பெரியம்மா. 'டிப்' வகை!"

"பெயரைக் கேட்கவில்லை. எப்போதைய பலா என்று கேட்டேன்."

"அது... அதாவது... பக்குவப்படுத்திய பலா!"

"விடுதியில் எல்லோரும் இப்படித்தான்..." என்று பசப்பன் தொடங்கினான். அதற்குள் குட்டியானை பசி தாங்காமல் பவழ மேகத்தில் துதிக்கையை விட்டு உறிஞ்சியது. மறுகணமே மிளகு ஏறி ஒரு பெருந்தும்மல் போட்டது. பவழ மேகம் முழுவதும் சொர்ணவாலியின் முகத்தில் பொழிந்தது. இரண்டாவது தும்மலில் மற்ற ஐந்து கிண்ணங்களும் உருண்டன. பசப்பன் அடுத்த காட்டை நோக்கிப் பறந்துவிட்டான்.

மாதங்கி குட்டியின் துதிக்கையைத் துடைத்துவிட்டாள். அவள் குரல் உயரவில்லை.

"ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் பறித்துத் தின்றுகொண்டிருப்போம், அம்மா. பசியோடு வந்த பிள்ளைக்குக் கெட்டதை வைத்தாயே!"

கூட்டம் நகர்ந்தது. சொர்ணவாலி பின்னாலேயே ஓடினாள். "பெரியம்மா, ஊற்று! என் பிள்ளைகள்!" என்று கதறினாள். யானைகள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த பாறையில் கம்பளியம்மாள் காலைச் சாப்பாட்டை முடித்துக் கையை நக்கிக்கொண்டிருந்தாள். கல்லில் கொஞ்சம் நெல்லித் துவையல் இருந்தது. பக்கத்தில் கிழங்குகள் கிடந்தன.

"ஐயோ, நீங்கள் இங்கே வருவீர்கள் என்று எனக்குத் தெரியாதே!" என்றாள். "இது நான் தின்ற மிச்சம். காலையில் அரைத்தது, கெடவில்லை. இதைத் தொட்டுக்கொண்டு கிழங்கைத் தின்றுகொண்டிருங்கள். பின்னால் பலா பழுத்திருக்கிறது, ஏறிப் போடுகிறேன்."

மாதங்கியின் துதிக்கை கல்லின் மேல் தாழ்ந்தது. இந்த முறை அது எங்கும் நிற்கவில்லை. கல் துடைத்தாற்போல் ஆயிற்று. கம்பளியம்மாள் உச்சிக்கிளையிலிருந்து பலாவை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட, கூட்டம் வயிறாரத் தின்றது. வெயில் சாய்வதற்குள் பாறைக்கு எதிரே மணல் பிளந்து தெளிந்த நீர் ஊறியது.

கோடை முற்றியது. கம்பளியம்மாள் தன் ஊற்றில் யாரையும் தடுக்கவில்லை. தினமும் உச்சிப் பொழுதில் சொர்ணவாலி, குட்டிகள் இரண்டையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, காடே பார்க்கத் தரையிறங்கி நடந்து வந்தாள். குட்டிகள் அச்சமின்றிக் குடித்தன. அதற்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவளோ வாயைத் துடைத்துக்கொண்டு, நாலு பேர் கேட்க,

"தண்ணீரில் கொஞ்சம் மண்வாடை அடிக்கிறது, அக்கா!" என்றாள்.

"அடிக்கட்டும்!" என்றாள் கம்பளியம்மாள். "உன் மூக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டதே, அதுவே பெரிய செய்தி!"

ஆற்றங்கரை முழுவதும் சிரித்தது.

மிஞ்சியதை மிஞ்சிய அன்றே பகிர்ந்து தின்னக் கூசுகிறவர்கள், அது கெட்ட பின் அதற்கு அலங்காரம் செய்து விருந்தினர்முன் வைத்து, உணவையும் உறவையும் ஒருங்கே இழப்பார்கள்.