வார்டருக்கு மட்டும் ஒரு ‘தி’

வார்டர் வெயிலுமுத்துவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் ஒரு கைதி. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஜெயிலில் பிழையில்லாமல் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் ஜெயசீலன் ஒருவன்தான். உள்ளே வருமுன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என்ன செய்து உள்ளே வந்தான் என்று இங்கே கேட்க வேண்டாம். கேட்க வேண்டியவர்கள் கோர்ட்டில் கேட்டு முடித்தாயிற்று.

வெயிலுமுத்துவுக்குத் தலை நரைத்துவிட்டது. பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை, அதிலே ஒரு இங்கிலீஷ் தாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளிலேயே வழுக்கி விழுந்துகொண்டிருந்தார். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், தன்னைவிட வயதில் எவ்வளவோ இளையவனான ஜெயசீலனின் அறை முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். கம்பிக்கு அந்தப் பக்கம் குரு, இந்தப் பக்கம் சீடர்.

அன்றைக்குப் பாடம் தொடங்குமுன் ஜெயசீலன் எழுந்து நின்றான்.

“சார், எங்கப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு நாளுக்கு நாள் குழறிக்கிட்டே வருதாம். வாய் பேசும்போதே ஒரு தடவை பார்த்துடணும். பரோலுக்கு சூப்பிரண்டு ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்.”

வெயிலுமுத்துவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“எங்கப்பா செத்தப்ப எனக்கு யாருவே பரோல் கொடுத்தா? மாத்தாள் வரலைன்னு மறுநாள்தான் விட்டாங்க. போய் நின்னா சாம்பலே ஆறிக் கெடக்கு. நானும் இந்த மதிலுக்கு உள்ளதான் கெடக்கேன். எனக்கில்லாத சலுகை உனக்கு மட்டும் எதுக்கு? உட்காரு. தாளைக் கொடு.”

அவன் உட்கார்ந்தான். திருத்தி வைத்திருந்த தாளைக் கம்பி வழியே நீட்டினான்.

அவரைப் பற்றியே எழுதிவரச் சொல்லியிருந்தான். அவர் எழுதிய முதல் வரியே, ‘ஐ ஆம் இன் பிரிசன்.’ அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘பிரிசன்’ முன்னால் பொடி எழுத்தில் ஒரு ‘தி’ ஏறி உட்கார்ந்திருந்தது.

“இது என்னது?”

“நீங்க எழுதினபடி பார்த்தா, உங்களைக் கைதின்னு ஆக்கிடும் சார். கைதிக்குத்தான் வெறும் பிரிசன். வேலைக்கு வர்றவங்களுக்கும் பார்க்க வர்றவங்களுக்கும் தி பிரிசன்.”

“இதென்ன கூத்து?”

“பள்ளிக்கூடமும் அப்படித்தான். பிள்ளை படிக்கப் போனா, கோ டு ஸ்கூல். பிள்ளையைக் கூப்பிட அப்பன் போனா, கோ டு தி ஸ்கூல். ஆஸ்பத்திரியில நோயாளியா படுத்திருக்கவன் இன் ஹாஸ்பிட்டல். ஆரஞ்சு வாங்கிட்டுப் பார்க்கப் போறவனுக்கு தி ஹாஸ்பிட்டல். யாருக்காக அந்த இடமோ, அவங்களுக்குத் ‘தி’ கிடையாது.”

வெயிலுமுத்து ஸ்டூலை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

“எவன்வே போட்டான் இந்தச் சட்டம்? நீ வர்றதுக்கு முந்தியே நான் இங்க இருக்கேன். நீ போன பிறகும் இருப்பேன். தீபாவளிக்கு உள்ள, பொங்கலுக்கு உள்ள. எம்மக பெரியவளான சேதியவே ஃபோன்ல கேட்டவன் நான். நேத்து வந்தவன்லாம் ஜெயிலுக்குச் சொந்தக்காரன், நான் மட்டும் ஆரஞ்சு வாங்கிட்டு வந்த விருந்தாளியா? வெள்ளைக்காரன் மதிலையும் கட்டி, பாஷையிலயும்ல வஞ்சனை பண்ணியிருக்கான்! அழிவே அந்தத் ‘தி’யை!”

“அழிச்சா மார்க் போயிடும் சார்.”

“போனாப் போவுது!”

ஜெயசீலன் சிவப்புப் பேனாவை மூடி வைத்தான்.

“அப்ப இன்னைக்குப் பாடத்தை உள்ளேயே வச்சுக்கலாமா சார்? சாவிக்கொத்தை இசக்கி சார்கிட்ட கொடுத்துட்டு வாங்க. அவங்க பூட்டிக்கட்டும்.”

வெயிலுமுத்து ரோஷக்காரர். பக்கத்து வரிசையில் நின்ற சின்ன வார்டர் இசக்கியைக் கைதட்டிக் கூப்பிட்டு, கதவைத் திறந்து, சாவிக்கொத்தை அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

“என்ன கேஸு அண்ணாச்சி?”

“இங்கிலீஷ் கேஸு. பூட்டுடே.”

“ஐயையோ, ஜாமீனே கிடைக்காத கேஸாச்சே!” சிரித்துக்கொண்டே பூட்டினான். டீ குடிக்கப் போய்விட்டான்.

வெயிலுமுத்து சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார். ஜெயசீலன் மூலையில் உட்கார்ந்தான்.

“நடத்துவே.”

அவன் பேசவில்லை.

வருஷக்கணக்காகப் பூட்டித் திறந்த அறைதான். ஆனாலும் உள்ளே உட்கார்ந்து அவர் கதவைப் பார்த்ததில்லை. காற்று எட்டவில்லை. கக்கூஸ் நாற்றம் மட்டும் எட்டியது. கழுத்துப்பட்டை நனைந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே சாவி இல்லை. எழுந்தார். நாலு எட்டு வைக்குமுன் சுவர் வந்துவிட்டது. திரும்பினார். இந்தப் பக்கமும் சுவர்.

“என்னவே பாடம் இது?”

அவன் பேசவில்லை.

“ஏலே இசக்கி!” கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “இசக்கி! திறடே!”

இசக்கி தபதபவென்று ஓடிவந்தான். கதவு திறந்தது.

“டீ குடிக்க இவ்வளவு நேரமாடே?”

“நீங்க கூப்பிட்ட சத்தம் கேட்டதும் ஓடியாந்தேன் அண்ணாச்சி. பாருங்க, பாதி டீ கையிலேயே இருக்கு.”

தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வெயிலுமுத்து திரும்பினார். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. ஜெயசீலன் மூலையைவிட்டு அசையவில்லை.

“நீ என்னவே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க? உனக்கும் வேர்க்கத்தானே செய்யுது? நான் தொண்டை கிழியக் கத்துறேன். நீயும் ஒரு சத்தம் கொடுத்தா என்ன?”

“கொடுத்தேனே சார், பாடம் தொடங்குறதுக்கு முன்னாலயே,” என்றான் ஜெயசீலன். “உங்களைத்தான் கூப்பிட்டேன். நானும் உள்ளதான் கெடக்கேன்னுட்டீங்க.”