ஆமை நீதிபதியான கதை

ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, வேங்கைக் காட்டு ஏரிக்கரையில் நாற்பத்தொரு விலங்குகள் கூடியிருந்தன. மேல்முறையீட்டு நீதிபதி பதவிக்குப் பொறையன் என்ற ஆமையின் பெயரை அரசர் சிங்கம் முன்மொழிந்தார்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. நீதிபதியை அரசர் நியமிக்கலாம், சபை ஒப்ப வேண்டும். ஒருமுறை நீதிபதிக்குரிய பாறையில் ஏறி அமர்ந்துவிட்டால் சாகும்வரை யாரும் இறக்க முடியாது.

அரசர் முதலில் நினைத்தது கிழக் கலைமானைத்தான். மந்திரி நரிதான் மாற்றியது.

"மான் நாலு மழைக்காலம் தாங்குமா, பிரபு? ஆமையைப் போடுங்கள். நூறு வருஷத்துக்குக் கவலையில்லை!"

நரியின் கவலை வேறு. செவந்தி என்ற முயல் இரை தேடப் போயிருந்தபோது அதன் வளைக்குள் நரி புகுந்துகொண்டது. "உள்ளே இருப்பவருக்கே வளை!" என்று கீழ்மன்றத்துக் குரங்கு தீர்ப்பளித்துவிட்டது. செவந்தியும் நான்கு குட்டிகளும் மழையில் புதரடியில் கிடந்தன. மேல்முறையீடுதான் பாக்கி.

ஒரு கோடையில் மல்லாந்து தவித்த ஆமையை நிமிர்த்திவிட்டது நரி. அதுதான் நரியின் துணிச்சல்.

சபையில் காகம் குறுக்கே கேட்டது: "ஓய் பொறையா! வழக்கு வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வீரோ?"

"இரண்டு பக்கமும் கேட்கும்வரை இழுத்துக்கொள்வேன். பிறகு நீட்டுவேன்."

சபை சிரித்தது. ஒப்புதலும் தந்தது. ஆமை பாறை ஏறி முடிப்பதற்குள் பாதிப்பேர் சாப்பிடப் போய்விட்டார்கள்.

முதல் வழக்கே முயல் வளை.

ஆமை சொன்னது: "இந்த நரியார் என் உயிரைக் காத்தவர். நான் விசாரிப்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

"எனக்கு இல்லவே இல்லை, ஐயா!" என்று நரி முந்திக்கொண்டது.

செவந்தி குட்டிகளைப் பார்த்தது. "எனக்கு வேறே நாதி ஏதுங்க? நீங்களே கேளுங்க."

"சரி. நரியாரே, வளை உம்முடையதுதானே? அதன் பின்வாசல் எங்கே?"

நரி விழித்தது. "வளைக்கு ஏது பின்வாசல்? ஒரே வாசல்தான்!"

செவந்தி ஒரே ஓட்டமாக ஓடியது. ஏரிக்கரை மேட்டிலிருந்த வளையின் முன்வாசலில் புகுந்து, எல்லோரும் பார்க்கத் தூரத்துக் காரைப் புதரடியில் தலை நீட்டியது. தோண்டியவளுக்குத்தானே தப்பும் வழி தெரியும்!

"வளை முயலுக்கே!" என்றது ஆமை.

"நன்றி கெட்டவனே! உன்னை நிமிர்த்தியது யார்?"

"நீர்தான். நீர் ஆற்றில் விழுந்தால் என் முதுகில் சுமந்து கரை சேர்ப்பேன். செவந்தியின் வளையை எடுத்துத் தர எனக்கு ஏது உரிமை?"

நரி அரசரிடம் ஓடியது. "பிரபு! இந்த ஆமையை இறக்குங்கள்!"

சிங்கம் கொட்டாவி விட்டது. "நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்றாயே, மறந்துவிட்டாயா?"

நூறாம் ஆண்டு ஆடி மாதம், முதல் திங்கட்கிழமை, அந்த நரியின் எள்ளுப்பேரன் பக்கத்துக் குகைக்கு உரிமை கேட்டு மேல்முறையீடு செய்தது. பொறையன் விசாரித்துத் தள்ளுபடி செய்தது.

செய்த உதவியைக் காட்டி நீதியை வளைக்கப் பார்ப்பவர், தாமே தேடிப் போட்ட ஆசனத்தின் முன் தலைகுனிந்து நிற்க நேரும்.