ஜெய்னம்புவின் கடைசிக் குப்பி

ஒரு சிக்கல் சொல்கிறேன், கேளுங்கள். பாதியிலேயே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். இதைச் சொன்ன இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஜெய்னம்பு பீடிப் புகை பக்கமே போகாதவள். அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய். இது என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் வயிறு எரிகிறது. நம் செல் ஒவ்வொன்றிலும், பெருகியது போதும் என்று தடுக்கிற மரபணு உண்டு. அவள் கட்டியில் அது கெட்டுப்போயிருந்தது. கேட்க ஆளில்லாத வீடு மாதிரி, செல்கள் இஷ்டத்துக்குப் பெருகின.

நல்ல மரபணுவை உள்ளே அனுப்பினால் அவை அடங்குமா என்று பார்க்க, ஆராய்ச்சியாளர் டாக்டர் வசுமதி கட்டியில் ஒரு துண்டு கேட்டார். ஜெய்னம்பு உடனே தலையாட்டினாள்.

"எனக்கு உதவாட்டியும் பரவால்ல டாக்டரம்மா. அது நிக்குமா நிக்காதான்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிடுங்க."

அவள் கணவர் மீராசாவுக்குத்தான் மனமில்லை. உடம்பிலிருந்து எடுத்தது எதுவானாலும் மண்ணில் அடக்கிவிடுவது அவர்கள் வழக்கம். ஆராய்ச்சி முடிந்ததும் மிச்சத்தை அவர் கையிலேயே தருவதாக வசுமதி வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார்.

வசுமதி கிண்ணங்களில் அந்தச் செல்களை வளர்த்தார். மரபணுவைச் சுமந்துபோக, நோய் உண்டாக்காதபடி அடக்கிய ஒரு வைரஸ்தான் வண்டி. இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. பாதிக் கிண்ணங்களில் மரபணு ஏற்றிய வண்டியையும் மீதியில் வெறும் வண்டியையும் விட வேண்டும். வண்டி மோதிய அதிர்ச்சியிலேயே செல்கள் முடங்கிவிடலாம் அல்லவா? அங்கேதான் வசுமதி சறுக்கினார். ஜெய்னம்புவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. இருந்ததோ கொஞ்சம் செல்கள். அவள் கண் மூடுவதற்குள் நல்ல சேதி சொல்ல வேண்டுமென்ற தவிப்பில், எல்லாக் கிண்ணங்களிலும் மரபணுவையே விட்டுவிட்டார்.

செல்கள் பெருகாமல் நின்றன. வசுமதி கட்டிலருகே ஓடினார். நின்றுவிட்டது, ஆராய்ச்சி முடிந்தது என்று மீராசாவின் காதிலும் விழும்படி சொன்னார். ஜெய்னம்பு சிரித்தாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

பிறகுதான் கூட வேலை செய்தவர்கள், வெறும் வண்டி விட்ட கிண்ணம் எங்கே என்று கேட்டார்கள். வசுமதியின் முகம் செத்துப்போயிற்று. செல்கள் நின்றது மரபணுவாலா, வண்டியாலா? சாகிறவளிடம் சொன்னது மெய்யா, பொய்யா? மறுபடி பார்க்க, அவள் செல்களை உறையவைத்த ஒரே ஒரு குப்பிதான் மிச்சமிருந்தது.

அதை வாங்கிப்போக மீராசா வெள்ளைத் துணியோடு வந்தார். கூடவே மகள் பௌசியா. வசுமதி எதையும் மறைக்கவில்லை. நடந்த பிசகைச் சொன்னார். மறுபடி பார்ப்பதென்றால், பாதிச் செல்களைத் தடையில்லாமல் பெருக விட வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார்.

"அவளைக் கொன்னதுக்குத் தீனி போட்டு வளர்க்கப் போறீங்களா?" என்றார் மீராசா.

உம்மா கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்கட்டும், கொடுக்காதீர்கள் என்று பௌசியா வசுமதியைத் தடுத்தாள். வசுமதி வாதாடவில்லை. ஐஸ் பெட்டியோடு குப்பியை எடுத்துவந்து மீராசாவின் மடியில் வைத்தார். அவர் அதைப் பார்த்தபடியே வசுமதியிடம் கேட்டார்.

"நிக்கலேன்னா, அவகிட்ட யாரும்மா போய்ச் சொல்றது?"

கேட்டவர் மீராசா, தடுத்தவள் பௌசியா, கொடுத்தவர் வசுமதி. இதில் யார் செய்தது சரி? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: கொடுத்ததுதான் சரி. பௌசியா சொன்னது நியாயமே. ஆனால் முடிந்தது என்று வசுமதி தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்போதே குப்பி மீராசாவுக்குச் சொந்தமாகிவிட்டது. இன்னும் முடியவில்லை என்று சொல்லும் உரிமை இனி அவருக்கு மட்டும்தான். மீராசா அழுதார், பிறகு அவள் கேட்டதும் இந்தப் பதிலைத்தானே என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். இம்முறை வெறும் வண்டி போன கிண்ணத்தில் செல்கள் மளமளவென்று பெருகின. மரபணு போன கிண்ணத்தில் அடங்கின. மிச்சச் செல்களை இனிப் பெருகாதபடி உயிர்போக்கி வசுமதி கொடுக்க, மீராசா அதை மனைவியின் கபுருக்குப் பக்கத்தில் புதைத்தார். அவளுக்கு ஏற்கெனவே சொன்ன சேதிதான். ஆனாலும் மண்ணருகே குனிந்து, "நெசமாவே நின்னுடுச்சு ஜெய்னம்பு" என்றார்.